வீட்டுக்குள் சிறுநீர் கழித்த நாய்க்குப் பயிற்சி என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள்: சென்னையில் நாய் தத்தெடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிப்ரவரி முதல் வாரத்தில், கருத்தடை செய்யப்பட்ட, ஏறத்தாழ 3 வயதுள்ள ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து, ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். செவலை நிறமாக இருந்ததால் அம்மா அவளுக்குச் செவந்தி என்று பெயர் வைத்தார். முதல் ஆறு வாரங்களில் அவள் வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சிறுநீர்கூடக் கழிக்கவில்லை. விடிவதற்கு முன் கதவருகே வந்து நின்று மெல்ல முனகுவாள், கீழே இறங்கியதும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் எங்களிடம் பேசிய ஒவ்வொருவரும் 'பழக்கப்படாத நாய்' என்றே அவளைக் குறிப்பிட்டார்கள். அவள் நன்றாகப் பழகியிருந்த நாய்.

மார்ச் மூன்றாவது வாரத்தில் உண்ணிக் கடியால் அரிப்பு அதிகமாகி, காதோரம் புண்ணாகும் அளவுக்குச் சொறியத் தொடங்கினாள். அருகிலிருந்த ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு ஊசி போட்டு 950 ரூபாய் வாங்கினார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "அரிப்பு நின்னுடும், கவலைப்படாதீங்க" என்பது மட்டுமே பதிலாக வந்தது. ரசீதிலும் 'ஊசி 2' என்றுதான் எழுதியிருந்தார்கள். அரிப்பு உண்மையிலேயே இரண்டே நாட்களில் நின்றுவிட்டதால் நாங்களும் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டோம்.

நான்காம் நாள் அதிகாலையில் கூடத்தின் நடுவே குளம் போல் சிறுநீர் தேங்கி நின்றது. அன்றே மேலும் மூன்று முறை, மறுநாள் அம்மாவின் கட்டிலருகே, அதற்கு மறுநாள் சமையலறையில் என்று தொடர்ந்தது. கழித்தவுடன் அவளே உடல் குறுகி, மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தேன். நாயை அழைத்து வாருங்கள் என்றோ, சிறுநீரைப் பரிசோதிக்கலாம் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. "ரெஸ்க்யூ நாய்ங்க புது வீட்டுல இப்படித்தான் மேடம் பண்ணும், நல்ல டிரெய்னர் நம்பர் தர்றேன்" என்று சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தார்கள்.

வந்த பயிற்சியாளர் பத்து நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, அவள் வீட்டில் ஆதிக்கம் செலுத்தப் பார்க்கிறாள் என்றும், 20 நாட்கள் தம்மிடம் விட்டால் சரிசெய்து தருவதாகவும் சொன்னார். முழுத் தொகையான 18,000 ரூபாயையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. தண்ணீரைக் காலையும் மாலையும் ஒரு கிண்ணம் மட்டுமே வைக்க வேண்டும் என்றும், இரவில் அறவே வைக்கக்கூடாது என்றும் அவர் சொன்னபோதே நான் மறுத்திருக்க வேண்டும். ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில், ஒரு வாயில்லா ஜீவனின் தண்ணீரைக் குறைப்பதற்குத் தலையாட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பதினோராம் நாள், முன்னறிவிப்பின்றி அங்கே போய்ப் பார்த்தோம். தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்டிருந்தாள். அருகில் இருந்த தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. 14 கிலோ இருந்தவள் பன்னிரண்டரை கிலோவாக இளைத்து, கண்கள் உள்வாங்கி, தடவுவதற்காகக் கையை உயர்த்தினால்கூடத் தரையோடு ஒட்டிக்கொண்டாள். அன்றே வீட்டுக்கு அழைத்து வந்து, மறுநாள் காலை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்பது. இரண்டாவது, அண்மையில் ஏதேனும் ஊசி போட்டீர்களா என்பது. அன்று அளந்து வைத்துப் பார்த்ததில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 2 லிட்டர் குடித்திருந்தாள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் நாளொன்றுக்குக் குடித்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று மருத்துவர் விளக்கினார். அவளோ 150 மில்லிக்கும் மேல் குடித்துக்கொண்டிருந்தாள். பழைய மருத்துவமனையில் நேரில் போய் வற்புறுத்திக் கேட்ட பிறகே, போட்டவற்றில் ஒன்று பல வாரங்கள் உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும். அப்படி இழந்த நீருக்காகவே நாய் மேலும் மேலும் குடிக்கும். அந்த நிலையில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் நிற்காது, உடல்தான் வற்றும். செவந்திக்கு நேர்ந்தது அதுவே. போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால் சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்றும் ஏற்பட்டிருந்தது பரிசோதனையில் தெரிந்தது. சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்குமான இரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை.

ஸ்டீராய்டு என்பதாலேயே அது தவறான மருந்து என்று நான் சொல்லவில்லை. கடும் அரிப்புக்கு அதைக் கொடுப்பது உண்டு. 'சில வாரங்களுக்கு நிறையத் தண்ணீர் குடிப்பாள், அடிக்கடி வெளியே அழைத்துப் போங்கள்' என்று அன்று ஒரு வரி சொல்லியிருந்தால், இவ்வளவும் நடந்திருக்காது என்பதே என் ஆற்றாமை.

ஆகவே, உங்கள் நாய் திடீரென வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், பயிற்சியாளரைத் தேடும் முன் சிறுநீரைப் பரிசோதியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய மாதிரிக் குப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் முதன்முதலாகப் போகும்போது சுத்தமான குழிக்கரண்டியால் பிடித்து, தாமதிக்காமல் கொண்டு போக வேண்டும். தரையிலிருந்து ஒற்றி எடுத்தது பயன்படாது. எப்படிக் கழிக்கிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். குளம் போல் நிறையப் போவதும், முக்கி முக்கிச் சிறிது சிறிதாகப் போவதும், தூக்கத்தில் அறியாமல் கசிவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, மிகுதியாகத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். முக்கியும் ஒரு சொட்டுகூட வராத நாயையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். போடப்படும் ஒவ்வோர் ஊசியின் பெயரையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நோய்க்கிருமிக்கான மருந்து முடிந்து, ஊசியின் தாக்கமும் தணிந்தபின், மே மாதத் தொடக்கத்திலிருந்து அவள் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டதும் பயிற்சியாளர் எங்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். ரசீது இல்லாத நிலையில், பணம் அனுப்பிய கைப்பேசிக் குறிப்பும் அவர் அனுப்பிய செய்திகளுமே எங்களிடம் உள்ள சான்றுகள். செவந்தி இப்போது மறுபடியும் 14 கிலோ. ஆனால் காலி கிண்ணத்தை நிரப்ப யாராவது எடுத்தால், அது திரும்பி வரும்வரை கண்ணை எடுக்காமல் அங்கேயே நிற்கிறாள்.