பாயிண்டரின் வகையை யார் பார்ப்பது: சிஎஃப்எஃப்ஐயா, எஸ்பிசிஎல்லா?

திருவான்மியூரில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து இருவரும் லிஸ்ப் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். சி மொழி நூலகத்திலிருந்து நேரத்தை வாங்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் வந்த விநாடிக் கணக்கு 21474836510.

அரை மணி நேரம் தேடிய பிறகு பிடிபட்டது. சி மொழியில் பல மதிப்புகளை அடுக்கி வைக்கும் தொகுப்பு ஸ்ட்ரக்ட், அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சொல்வது பாயிண்டர். டிஎம், டைம்வேல் இரண்டும் நேரத்தை வைக்கும் ஸ்ட்ரக்டுகள். டிஎம் ஸ்ட்ரக்டின் பாயிண்டரை டைம்வேல் என்று சொல்லிப் படித்திருக்கிறோம். டிஎம்மில் முதல் 4 பைட் விநாடி. அதில் 30 இருந்தது. அடுத்த 4 பைட் நிமிடம், அதில் 5. 64 பிட் லினக்ஸில் டைம்வேலின் விநாடிக்கோ 8 பைட். இரண்டும் ஒட்டிக்கொண்டன: 5 × 4294967296 + 30.

இது, லிஸ்பிலிருந்து சி குறியீட்டை அழைக்க உதவும் சிஎஃப்எஃப்ஐ நூலகத்தில் எழுதியது. அதில் பாயிண்டர் என்றால் வெறும் முகவரி. எந்த ஸ்ட்ரக்டின் பாயிண்டர் என்று நாம் எழுதி வைத்தாலும் அது படிப்பவருக்கான குறிப்புதான், யாரும் சரிபார்ப்பதில்லை. கோயம்பேட்டில் பெயர் எழுதாத மூட்டை மாதிரி, எடுப்பவர் வெங்காயம் என்றால் வெங்காயம்.

எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலருக்குள்ளேயே இதே வேலைக்கு இருக்கும் ஏலியன் வசதி, முகவரியோடு வகையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அந்த வகை லிஸ்பின் வகை அமைப்புக்கும் தெரியும். டிஎம்மிடம் போய் டைம்வேலின் ஸ்லாட்டை, அதாவது அதற்குள் இருக்கும் ஒரு மதிப்பைக் கேட்டால் அப்படி ஒரு ஸ்லாட் இல்லை என்று நின்றுவிடும். வகையை முன்பே அறிவித்திருந்தால் நேரடியாக நினைவகத்தைப் படிக்கும் வேகமான குறியீடு கிடைக்கும். அறிவிக்காவிட்டால் எல்லாச் சோதனையும் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போகும், வேகம் நன்றாகவே குறையும். அறிவிப்பை மட்டும் சோம்பல்படாமல் எழுதிவிடுங்கள்.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் சிஎஃப்எஃப்ஐயை எடுக்கிறார்கள்? அது எஸ்பிசிஎல், இசிஎல், சிசிஎல் என்று பல லிஸ்ப் கம்பைலர்களிலும் ஓடும். ஏலியன் குறியீடு அப்படி ஓடாது.

ஸ்ட்ரக்டை நாமே தப்பாக வர்ணித்தால் இரண்டுமே நம்பிவிடும். அதற்கு எந்த மதிப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற ஆஃப்செட்டுகளை சி கம்பைலரிடமே கேட்டு எடுக்கும் க்ரோவல் கருவி இரண்டு பக்கமும் இருக்கிறது.

என் தேர்வு இதுதான்: எஸ்பிசிஎல்லில் மட்டும் ஓடப்போகும் நிரலுக்கு ஏலியன். பிறருக்குக் கொடுக்கும் நூலகத்துக்கு சிஎஃப்எஃப்ஐ, ஆனால் ஒவ்வொரு சி வகைக்கும் தனி லிஸ்ப் ஸ்ட்ரக்சர் வைத்து, பாயிண்டரை அதற்குள் போட்டு. எங்கள் நேர நிரலை அப்படி மாற்றி, பழைய தவறை வேண்டுமென்றே திரும்பச் செய்து பார்த்தோம். டைம்வேல் கேட்ட இடத்தில் டிஎம் வந்திருக்கிறது என்று முதல் வரியிலேயே பிழை வந்தது.