இசைத்தட்டா, டிஜிட்டலா? வேலூர் வெயிலில் ஓர் அலசல்

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலித் துல்லியம்தான் கேள்வி என்றால் டிஜிட்டல் ஜெயித்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் 60, 70-களின் திரைப்பாட்டு என்று வந்தால், இசைத்தட்டைத் தேடி வேலூர் லாங் பஜாரிலிருந்து சென்னை மூர் மார்க்கெட் வரை அலைகிறவரை நான் கேலி செய்யமாட்டேன்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் விடாமல் பிடிக்க இது போதும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நல்ல எல்பி தட்டில் (பல பாட்டு அடங்கும் பெரிய தட்டு) 60, 70 தேறினால் பெரிசு. 'டிஜிட்டல், ஒலி அலையைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிவிடுகிறது' என்பது தட்டுக்காரர்கள் விடாமல் சொல்லும் புகார். அது தப்பு. ஸ்பீக்கருக்குப் போவதற்குள், அளந்து வைத்த அந்தப் புள்ளிகளிலிருந்து வழவழப்பான அலையே திரும்ப உருவாகிவிடுகிறது.

தட்டின் சங்கடங்கள் வேறு மாதிரி. அதில் பாட்டு, ஊசி ஓடும் பள்ளமாக வெட்டப்படுகிறது. கனத்த பேஸ் ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். அதனால் அவற்றைக் குறைத்து, கீச்சு ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபோனோ சுற்று அதைத் திருப்பிச் சரிசெய்யும். அப்புறம், எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிள் பக்கம் வரும்போது 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒரு நொடிப் பாட்டை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' எல்லாம் சற்றே கரகரப்பது இதனால்தான். நம்மூர் சின்ன இபி தட்டுகளில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைத்த வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் நெருக்கடி, ஒலியும் சன்னம்.

நடு ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தால் இன்னும் வேடிக்கை. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி, ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கும். தவில் அடிக்கும்போது தெரியாது. நாதஸ்வரம் ஒரு ஸ்வரத்தில் நின்று இழுக்கும்போது கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மேல் வேலூர் வேறு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பிவிசி தட்டை ஷீட் கூரைக்கடியில் பரணில் படுக்கப் போட்டாலோ, வெயிலில் நிற்கும் காரில் விட்டாலோ அப்பளம் போல நெளிந்துவிடும். அப்புறம் ஊசி அலையில் படகு மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்க வேண்டியதுதான். தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, பிறகு ஏன் சிலருக்குத் தட்டு நிஜமாகவே நன்றாகக் கேட்கிறது? காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை. பாட்டு வந்த வருஷத்தில், பாட்டைப் பதிவு செய்த டேப் புதிதாக இருந்தபோது வெட்டிய தட்டு அது. இன்று செயலியில் கிடைக்கும் அதே பாட்டு சில சமயம் தேய்ந்த மூலத்திலிருந்து எடுத்தது. இரைச்சலைத் துடைக்கிறேன் என்று வயலினின் மினுக்கையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள், சத்தத்தை ஒரே மட்டத்துக்கு ஏற்றி நசுக்கியிருப்பார்கள். இந்தக் குற்றம் டிஜிட்டலின் தலையில் விழுகிறது. சந்தேகம் இருந்தால், அந்தத் தட்டையே ஒழுங்கான கருவியில் கணினியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். நீங்கள் சிலாகிக்கும் அந்த இதம், பொரிச்சல் சத்தம் உட்பட அத்தனையும் ஃபைலில் இருக்கும்.

வல்லுநர் காதுகூட ஏமாறும் என்பதற்கு 2022-ல் ஒரு சாட்சி கிடைத்தது. டிஜிட்டலே கலக்காத பழைய முறைதான் (அனலாக்) வேண்டும் என்ற வெறியர்கள் கொண்டாடிய அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி, தன் தட்டுகள் பலவற்றில் தயாரிப்பின் நடுவே டிஜிட்டல் கட்டம் ஒன்றைப் பல வருஷமாகப் பயன்படுத்தி வந்தது வெளியானது. அதுவரை யாரும் காதால் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே, இன்று கணினியில் பதிவாகும் புதுப்படப் பாட்டை ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தட்டாக வாங்குவது அலமாரிக்கு அழகு, அவ்வளவே. சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயரில் தட்டுப் போடுவது அதைவிட மோசம்: நல்ல ஊசி 2 கிராம் அழுத்துமிடத்தில் அது 5, 6 கிராம் அழுத்தி உழும். அந்தக் காசில் ஒயர் உள்ள நல்ல ஹெட்போன் வாங்கினால் பலன் உடனே தெரியும்.

பழைய தட்டுதான் வேண்டும் என்றால், வட ஆற்காட்டில் கிடைப்பதில் ஒரு பகுதி மைக் செட் கடைகள் கழித்துவிட்டவை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி விழாக்களில் குழாய் ஸ்பீக்கருக்காக நாளெல்லாம் ஓடிய சரக்கு. லேபிளில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா பாருங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்கள் கறுப்பு மினுமினுப்பை இழந்து சாம்பல் பூத்திருந்தால் கனத்த ஊசி தின்றுவிட்டது, எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், அத்தனை முறை யாரோ தடவித் தடவி மாட்டியிருக்கிறார்கள். விலையைப் பாதியாகக் கேளுங்கள்.