எங்க டவுன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: வீடு வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க (5க்கு 2.5)

போன ஞாயித்துக்கிழமை கோயில் பார்க்கிங்ல தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி புடிச்சு நிறுத்தி, "அக்கா வீடு தேடுற சைட்ல உங்க டவுன் ஸ்கூலுக்கு 10க்கு 9 போட்டிருக்கான், அங்கயே வீடு பாத்துடட்டுமா?"ன்னு கேட்டா. பிரசாதத்த கையில வச்சுகிட்டு நின்னபடி சொல்லி முடிக்கிற விஷயமா இது, அதான் உக்காந்து எழுதுறேன். நாங்க 2016ல சென்ட்ரல் நியூ ஜெர்சில இந்த டவுனுக்கு வந்தோம், பையன் அப்ப கிண்டர்கார்டன், இப்ப ஹைஸ்கூல்ல இருக்கான், பொண்ணு எலிமென்டரில படிக்குறா. டிஸ்ட்ரிக்ட் (டவுன் பப்ளிக் ஸ்கூல் எல்லாத்தையும் நடத்துற அமைப்பு) பேர் போடமாட்டேன், ரெண்டு பிள்ளைங்களும் இன்னும் அங்கதான் போறாங்க. நம்ம ஆளுங்க வீடு தேடுற டவுன்கள்ல பாதிக்கு மேல இது பொருந்தும்னு நெனைக்கிறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். எலிமென்டரி டீச்சர்ஸ் தங்கம். என் பையன் வீட்ல தமிழ் மட்டுமே பேசி வளந்தவன், கிண்டர்கார்டன் போனப்ப இங்கிலீஷ்ல தண்ணி கேக்கக்கூட தெரியாது, ஈஎஸ்எல் டீச்சர் தெனமும் அரை மணி நேரம் தனியா கூட்டிட்டு போய் உக்கார வச்சு படம் காட்டி காட்டி பேச வச்சாங்க, அடுத்த வருஷ கடைசில அவன் கதை புக்க எடுத்து வந்து எனக்கு படிச்சு காட்டினான். அந்தம்மாவ நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். லைப்ரரி, மியூசிக், ஸ்பெஷல் எஜுகேஷன் எல்லாமே எங்க எலிமென்டரில நல்லா இருந்துச்சு.

பிரச்சனை ஆரம்பிச்சது மிடில் ஸ்கூல்ல.

அவன் ஏழாவது படிக்கும்போது, 2023 அக்டோபர் மாசம். காலைல ரொப்பி குடுத்த ஸ்டீல் தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே கனமா திரும்பி வருது. ஒருநாள் மறந்திருப்பான்னு விட்டேன், ரெண்டாவது நாளும் அதே, மூணாவது நாளும் அதே. கதவ தொறந்ததும் பேக்க தோள்லேந்து கழட்டாம ஷூவோடயே பாத்ரூமுக்கு ஓடுறான். திட்டினேன், ஷூவோட ஓடுறியேன்னு திட்டினேன், அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் இருட்டுல மெதுவா சொன்னான், "அம்மா ஸ்கூல்ல பாத்ரூம் போறதில்ல, அதான் தண்ணி குடிக்கல". என்ன ஆச்சுன்னா, மூணு பாத்ரூம்ல ரெண்ட, பசங்க உள்ள போய் வேப் (ஈ-சிகரெட்) புடிக்கிறாங்கன்னு பூட்டி வச்சிருக்காங்க, தொறந்திருக்குற ஒன்னுல லஞ்ச் நேரத்துல ஒரு கும்பல் நிக்கும், இவன் உள்ள போனப்ப பக்கத்து ஸ்டால்ல ஒருத்தன் டாய்லெட் மேல ஏறி நின்னு மேலேந்து ஃபோன்ல படம் புடிச்சிருக்கான். அது பசங்க ஃபோன்ல சுத்தியிருக்கு. பன்னெண்டு வயசு புள்ள காலைல ஏழரைலேந்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் அடக்கிகிட்டு உக்காந்திருக்கான்.

இந்த எடத்துல நம்ம அப்பா அம்மாங்க பாதி பேருக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். நியூ ஜெர்சில 2011ல ஒரு ஆன்ட்டி புல்லியிங் சட்டம் வந்துச்சு, 2010ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டில படிச்ச டைலர் கிளெமென்டிங்கற பையன் இறந்தப்புறம் வேகமா பாஸ் ஆன சட்டம், நாட்டுலயே ரொம்ப கண்டிப்பானதுன்னு சொல்லுவாங்க. அதுல எச்ஐபி (ஹராஸ்மென்ட், இன்டிமிடேஷன், புல்லியிங், அதாவது தொந்தரவு, மிரட்டல், கொடுமை பண்றது) கம்ப்ளெயின்ட்னு பேரு. கம்ப்ளெயின்ட் வந்தா ஒரு ஸ்கூல் நாளுக்குள்ள விசாரணைய ஆரம்பிக்கணும், எழுத்துல குடுத்ததுலேந்து 10 ஸ்கூல் நாளுக்குள்ள முடிக்கணும், முடிவ ஸ்கூல் போர்டுக்கு சொல்லணும், அதுக்கப்புறம் 5 ஸ்கூல் நாளுக்குள்ள நமக்கு எழுத்துல வரணும். ஒவ்வொரு ஸ்கூல்லயும் இதுக்குன்னே ஒரு ஆன்ட்டி புல்லியிங் ஸ்பெஷலிஸ்ட் இருக்கணும். நாமளே நிரப்பி குடுக்க எச்ஐபி 338னு ஒரு ஃபார்ம் இருக்கு. நான் பண்ண மொத தப்பு, கவுன்சிலருக்கு ஃபோன் பண்ணி பேசினதோட விட்டது. "வீ வில் லுக் இன்டு இட்"னு சொன்னாங்க, ரெண்டு வாரம் போச்சு, ஒன்னும் நடக்கல. ஃபோன்ல பேசாதீங்க, எழுத்துல குடுங்க, தேதி போட்டு குடுங்க, அன்னிக்கேலேந்து நாள் எண்ண ஆரம்பிங்க.

ஃபார்ம் குடுத்தப்புறம் விசாரணை நடந்துச்சு, கணக்கா பத்தாவது நாள் முடிச்சாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா லெட்டர் வந்தப்ப என்ன இருந்துச்சுன்னா, எச்ஐபி இல்ல, இது "கான்ஃப்ளிக்ட்", கோட் ஆஃப் கான்டக்ட் (ஸ்கூல் நடத்தை விதி) மீறல்னு எடுத்திருக்கோம்னு. சட்டத்துல எச்ஐபின்னு ஆகணும்னா பாதிக்கப்பட்ட புள்ளயோட இனம், நிறம், மதம், ஊனம் இந்த மாதிரி ஏதாவது ஒரு அடையாளத்த வச்சு நடந்ததா இருக்கணும், அப்படி எதுவும் தெரியலன்னு முடிச்சிட்டாங்க. சட்டப்படி அவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கலாம், ஆனா ரெண்டு பசங்க சண்ட போட்டுகிட்டா அத கான்ஃப்ளிக்ட்னு சொல்லு, கதவ சாத்திட்டு உக்காந்திருக்குற புள்ளய மேலேந்து படம் புடிச்சா அதுல இவன் பங்கு என்ன? இன்னொன்னும் இருக்கு, கான்ஃப்ளிக்ட்னு எழுதிட்டா வருஷக் கணக்குல புல்லியிங் கேஸ் ஒன்னு கொறையுது. வேணும்னே அப்படி எழுதினாங்கன்னு என்னால நிரூபிக்க முடியாது, அந்த லெட்டர படிச்சப்ப எனக்கு வந்த கோவத்த மட்டும் சொல்றேன்.

போர்டு முன்னாடி ஹியரிங் கேக்க நமக்கு உரிமை இருக்கு, 60 நாளுக்குள்ள கேக்கணும், கேட்டா 10 நாளுக்குள்ள நடத்தணும். கேட்டோம். க்ளோஸ்டு செஷன், நீளமா ஒரு மேஜை, எதுத்தாப்ல போர்டு மெம்பர்ஸ், வக்கீல், சூப்பரின்டென்டென்ட் (டிஸ்ட்ரிக்ட் தலைமை அதிகாரி), இந்த பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். நான் வேற எதுவும் எடுத்துட்டு போகல, அந்த தண்ணி பாட்டில மட்டும் எடுத்துட்டு போய் மேஜைல வச்சேன். முடிவ மாத்தல. ஆனா அடுத்த வாரத்துலேந்து லஞ்ச் நேரம் பாத்ரூம் வாசல்ல ஒரு பெரியவங்கள நிக்க வச்சாங்க, பூட்டின ரெண்டுல ஒன்ன தொறந்தாங்க. இவ்வளவுதான் வேணும்னு மொத நாள் ஃபோன்லயே நான் கேட்டிருந்தேன்.

அந்த பசங்களுக்கு என்ன தண்டனைன்னு எங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, மாணவர் ரெக்கார்ட் ரகசியம்னு ஃபெர்பா சட்டம் 1974லேந்து இருக்கு, அது சரியான சட்டம்தான், நாளைக்கு என் புள்ள பேரும் அதுலதான் பாதுகாப்பா இருக்கும். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல நெறைய பேரு "அவனுங்கள தூக்கி வெளிய போடணும், இப்பல்லாம் ஸ்கூல்ல கண்டிப்பே இல்ல"ன்னு எழுதினாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சஸ்பென்ஷன்னா அந்த பையன் வீட்ல உக்காந்து கேம் ஆடிட்டு வருவான், வந்ததும் அதே பாத்ரூம், அதே ஆளில்லாத காரிடார். கண்டிப்ப ஏத்தினா அது கறுப்பின பிள்ளைங்க மேலயும் ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்க மேலயும்தான் அதிகமா விழுதுன்னு ஃபெடரல் கணக்கே ஒவ்வொரு தடவையும் காட்டுது. அந்த நேரத்துல அந்த எடத்துல ஒரு பெரியவங்க இருக்கணும், அதுக்கு சம்பளம் குடுக்கணும், அதத்தான் இந்த டிஸ்ட்ரிக்ட் பண்ண மாட்டேங்குது.

காசு எங்க போகுதுன்னா வாசலுக்கு போகுது. 2018ல ஃப்ளோரிடா பார்க்லேண்ட்ல ஸ்கூல் துப்பாக்கிச்சூட்டுல 17 பேர் செத்தப்புறம் எல்லா டவுன்லயும் வாசல பலப்படுத்தினாங்க, அங்க இறந்த அலிஸா அல்ஹாடெஃப்ங்கற பொண்ணு முன்னாடி நியூ ஜெர்சில இருந்தவ, அவ பேர்ல 2019ல எல்லா பப்ளிக் ஸ்கூல்லயும் போலீசுக்கு நேரா போற பேனிக் அலாரம் வேணும்னு இங்க சட்டமே வந்துச்சு. எங்க ஸ்கூல்லயும் ரெண்டு கதவு, பஸ்ஸர், ஐடி ஸ்கேன், ரிட்டயர்ட் போலீஸ் ஒருத்தர், எல்லாம் இருக்கு. வேணாம்னு சொல்ல நான் யாரு. மாசம் ஒரு ஃபயர் டிரில், ஒரு செக்யூரிட்டி டிரில் (ஆபத்தான ஆள் வந்தா கதவ பூட்டிட்டு சத்தமில்லாம ஒளியுற லாக்டவுன் பயிற்சி மாதிரி) கட்டாயம். என் பொண்ணு ரெண்டாவது படிக்கும்போது பாக்கெட்ல எப்பவும் இருமல் மிட்டாய் வச்சிருந்தா, துணி துவைக்கும்போது ஒட்டி ஒட்டி வந்துச்சு, எதுக்குடின்னு கேட்டா, "லாக்டவுன்ல இருமல் வந்தா சத்தம் கேட்டுடும்மா"ன்னா. ஏழு வயசு. அந்த அளவுக்கு புள்ளைங்க அவங்க பங்க சரியா செய்யுதுங்க. வாசலுக்கு வெளிலேந்து வர ஆபத்துக்கு இவ்ளோ தயாரா இருக்குற ஸ்கூல், உள்ள தெனமும் நடக்குறதுக்கு ஆள் போட மாட்டேங்குதுங்கறதுதான் என் வருத்தம்.

காசு இல்லன்னு சொல்றதும் முழுப்பொய் இல்ல. ப்ராப்பர்ட்டி டேக்ஸ் ஸ்டேட் சராசரியே இப்ப வருஷத்துக்கு 10,000 டாலர தாண்டிடுச்சு, அதுல பெரிய பங்கு ஸ்கூலுக்கு. ஆனா டிஸ்ட்ரிக்ட் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல வரிய ஏத்தக்கூடாதுன்னு லிமிட் இருக்கு, 2018ல ஸ்டேட் ஸ்கூலுக்கு குடுக்குற நிதிய பிரிக்கிற முறைய மாத்தினதுல சில டவுனுக்கு ஏழு வருஷமா கொறஞ்சுகிட்டே வந்துச்சு, எங்களுதும் அதுல ஒன்னு. மொதல்ல வெட்டினது பஸ்ஸ. எட்டாவது வரைக்கும் 2 மைலுக்குள்ள வீடு இருந்தா பஸ் குடுக்கணும்னு சட்டம் இல்ல, எங்க வீடு 1.7 மைல், நடுவுல பெரிய ரோடு, பாதி தூரம் சைடுவாக்கே கெடையாது. காசு கட்டினா பஸ்ல சீட் தருவோம்னாங்க, கட்டுறோம். அடுத்து வெட்டினது கவுன்சிலர், காரிடார்ல நிக்குற எய்டு (உதவியாளர்) இவங்களத்தான்.

இப்ப மார்க்குக்கு வரேன், எல்லாரும் அந்த 9அ பாத்துதானே வராங்க. ஏழாவதுல என் பையனோட மேத்ஸ் டீச்சர் நவம்பர்ல வேலைய விட்டுட்டாங்க, மார்ச் வரைக்கும் மாத்தி மாத்தி சப்ஸ்டிட்யூட், ஒருத்தருக்கும் மேத்ஸ் பாடம் இல்ல, ஒர்க்‌ஷீட் குடுத்து லேப்டாப்ல ஏதாவது பண்ணுன்னு விட்டுடுவாங்க. என் வீட்டுக்காரர் ராத்திரி இந்தியா கால் முடிச்சுட்டு பத்து மணிக்கு கிச்சன் டேபிள்ல உக்கார வச்சு சொல்லிக் குடுத்தார். கிளாஸ்ல பாதி பேரு சனிக்கிழமை டியூஷன் சென்டர்ல மாசம் காசு கட்டி படிச்சாங்க. அந்த வருஷமும் ஸ்டேட் டெஸ்ட்ல ஸ்கூல் மார்க் கொறையல. அப்ப அந்த 9ல ஸ்கூல் போட்டது எவ்ளோ, நம்ம கிச்சன் டேபிள் போட்டது எவ்ளோ? டியூஷனுக்கு வழியில்லாத வீட்டு பிள்ளைங்க அதே கிளாஸ்லதான் இருந்தாங்க, அவங்க மார்ச் வரைக்கும் ஒன்னும் படிக்கல, அந்த சராசரில அவங்க காணாம போயிட்டாங்க. இது எனக்கு என் பையன் விஷயத்த விட பெரிய அநியாயமா படுது.

வீடு பாக்குறவங்க ஸில்லோ மாதிரி வீடு தேடுற சைட்ல வர நம்பரோட நிக்காதீங்க. ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் சைட்ல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் இருக்கு. அதுல வருஷத்துல 10 சதவீதம் நாளுக்கு மேல லீவு போடுற பிள்ளைங்க எவ்ளோன்னு பாருங்க, மிடில் ஸ்கூல்ல மட்டும் அது திடீர்னு ஏறுச்சுன்னா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். மார்க்க விட க்ரோத் பெர்சன்டைல பாருங்க, அதே அளவு மார்க் எடுத்த மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா இவங்க எவ்ளோ முன்னேறினாங்கன்னு அது காட்டும். எட்டாவது மேத்ஸ் மார்க் கம்மியா இருந்தா பயப்படாதீங்க, நல்லா பண்ற பிள்ளைங்க அந்த வருஷம் அல்ஜிப்ரா எடுத்து அல்ஜிப்ரா டெஸ்ட்தான் எழுதுவாங்க, அவங்க மார்க் தனியா போயிடும். புல்லியிங் கேஸ் சைபர்னு போட்டிருந்தா மட்டும் சந்தேகப்படுங்க, ஆயிரம் பிள்ளைங்க படிக்கிற எடத்துல சைபர்ங்கறது நடக்கலன்னு அர்த்தமில்ல, எழுதலன்னு அர்த்தம். சூப்பரின்டென்டென்ட் வருஷத்துக்கு ரெண்டு தடவ போர்டு மீட்டிங்ல இத பப்ளிக்கா படிக்கணும், அந்த மீட்டிங் ரெக்கார்டிங் ஆன்லைன்ல இருந்தா ஒன்னு போட்டு பாருங்க, கேள்வி கேக்குற அப்பா அம்மாங்ககிட்ட எப்படி பேசுறாங்கன்னு அதுல தெரிஞ்சிடும். ஸ்கூல் டூர் கூட்டிட்டு போனா ஜிம்மையும் ஆடிட்டோரியத்தையும்தான் காட்டுவாங்க, லஞ்ச் நேரத்துல பாத்ரூம் எத்தன தொறந்திருக்குன்னு கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க.

எலிமென்டரிக்கு 5க்கு 4.5, மிடில் ஸ்கூலுக்கு 1.5, ஹைஸ்கூல் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு அதனால அதுக்கு மார்க் போடல, சம்பவம் நடந்தப்புறம் நடந்துகிட்ட விதத்தையும் சேத்துதான் மேல 2.5. பாத்ரூம் வாசல்ல நின்ன அந்த எய்டு வேலைய இந்த வருஷ பட்ஜெட்ல எடுத்துட்டாங்கன்னு மே மாசம் தெரிஞ்சுது. என் பொண்ணு 2027 செப்டம்பர்ல அந்த மிடில் ஸ்கூலுக்கு போகணும். போர்டு மீட்டிங் மாசத்துல மூணாவது செவ்வாய், ராத்திரி ஏழரைக்கு, பேச ஒரு ஆளுக்கு 3 நிமிஷம் தருவாங்க. நம்ம டவுன் ஆளுங்க யாராச்சும் இத படிச்சா கூட வாங்க, நான் எழுதி வச்சிருக்கறது 3 நிமிஷத்துல முடியாது, நாலு பேரா பிரிச்சு படிச்சா முடியும்.