லண்டனா, ஜெர்மனியா: அக்கா மகளுக்குச் சொன்னது

அக்கா மகள் கோவையில் இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட், பிளஸ் டூவுக்கு இணையான சர்வதேசப் படிப்பு) படிக்கிறாள். பள்ளிக்கு வந்த பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆட்கள் கொடுத்த துணிப்பை, பேனா, பளபளக்கும் புத்தகம் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, "மாமா, காலேஜுக்கு லண்டனா, ஜெர்மனியா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

பிரிட்டன் சுலபம்தான். யுகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பில் ஒரே விண்ணப்பத்தில் 5 இடம் கேட்கலாம், இங்கிலாந்தில் பெரும்பாலும் 3 வருடப் பட்டம், ஆங்கிலம். ஆனால் ஃபீஸ் கண்ணைக் கட்டும். இங்கே ஏஜென்ட் இலவசமாக ஆலோசனை சொல்வது அந்தப் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருவதால், அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. படித்து முடித்து 2 வருடம் தங்கலாம் என்பதும் இவளுக்கு இல்லை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க்கில் மட்டும் செமஸ்டருக்கு 1500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வாங்குகிறது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட வேண்டும், அது ஃபீஸ் இல்லை, மாதாமாதம் அவளுக்கே செலவுக்கு வரும். சிக்கல் வேறு. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். அப்புறம் ஐபியில் கணிதமோ ஓர் அறிவியல் பாடமோ ஹையர் லெவலில், அதாவது உயர்நிலைப் பாடமாக இருக்க வேண்டும், இவள் அதை 11-ஆம் வகுப்பிலேயே பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஜெர்மனிதான். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மச்சான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஜெர்மன் கிளாஸ் எங்கீங்க இருக்குது?" என்றார்.