கோண்டாவில் ஞாயிறு விஞ்ஞான வகுப்பு: உப்புக்குளிரில் வைரசுகள்

கோண்டாவில் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் விஞ்ஞான வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போய் இருங்கள், பெற்றோருக்குத் தனிக் காசு இல்லை. நான் மகளோடு போனது கடுங்குளிரும் கடும் உப்பும் உள்ள நீரில் வைரசுகள் எப்படிக் கூர்ப்படைகின்றன என்ற பாடத்துக்கு. உயர்தரப் பரீட்சைக்கு நேரே உதவாது, ஆனால் கூர்ப்பை இவ்வளவு விளக்கமாகச் சொன்ன வகுப்பை நான் இங்கே வேறெங்கும் பார்க்கவில்லை.

சேர் பிரீசரில் வைத்த இரண்டு போத்தல்களோடு வந்தார். ஒன்றில் வெறும் தண்ணீர், கல்லாகிவிட்டது. மற்றதில் ஆனையிறவு உப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீர், உறையவே இல்லை. அங்கிருந்து நேரே அந்தாட்டிக்காவின் டீப் லேக் ஏரி. கடலைவிடப் பத்து மடங்கு அளவு உப்பு, மறை 20 பாகை செல்சியஸிலும் உறையாது. அங்கே வாழும் ஆக்கியா (பற்றீரியா போலத் தோன்றினாலும் தனி வகையான ஒருகல உயிர்கள்) நுண்ணங்கிகள் வருடத்துக்கு ஆறு தலைமுறை அளவில்தான் பெருகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் உப்பளப் பாத்திகளில் உப்பு முற்றும்போது தண்ணீர் சிவக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணமானவையும் இவற்றின் உறவினங்கள்தான். விருந்துவழங்கி, அதாவது வைரசு புகுந்து பெருகும் உயிர், இவ்வளவு மெதுவாகப் பெருகினால், புகுந்த கையோடு கலத்தை உடைக்கும் வைரசுக்கு அடுத்த கலம் கிடைக்குமா? கலத்துக்குள் தங்கிக் காத்திருக்கும் வகைகளுக்கு அங்கே சாதகம் இருக்கக்கூடும். அதே நேரம் கடற்பனிக்குள் உள்ள நுண்ணிய உப்புநீர்க் கால்வாய்களில் எல்லாம் நெருங்கி அடைபடுவதால் வைரசும் பற்றீரியாவும் சந்திப்பது கூடும், அங்கே கணக்கே வேறு.

அடுத்து அலாஸ்காவின் உத்கியாவிக். நிரந்தர உறைநிலத்துக்குள் சுமார் 40,000 வருடங்களாக, மறை 6 பாகையில் உறையாமல் கிடக்கும் உப்புநீர். 2020இல் வந்த ஆய்வொன்றில் அங்குள்ள வைரசுகளிடம் கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு இருப்பது தெரிந்தது. குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிறது, நல்லெண்ணெய் இளகியே இருக்கிறது, இரட்டைப் பிணைப்பு கூடின கொழுப்பு அப்படித்தான். கலமென்சவ்வும் குளிரில் இறுகிவிடாமல் இருக்க இந்தப் பரம்பரையலகு உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பல வைரசுகளுக்குச் சொந்தமாக மென்சவ்வே இல்லை, இருந்தும் புகுந்த வீடு நிற்க வேண்டுமே!

எனக்கு இன்னும் மனதில் நிற்பது 2017இல் வெளியான கண்டுபிடிப்பு. அந்தாட்டிக்க உப்பேரி ஆக்கியா ஒன்றில் இருந்த பிளாஸ்மிட் (கலத்தின் முக்கிய டிஎன்ஏயிலிருந்து தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ), தானே குறியீடு செய்யும் புரதங்கள் பதிந்த மென்சவ்வுக் குமிழுக்குள் ஏறி வெளியே போய், பிளாஸ்மிட் இல்லாத வேறு கலத்துக்குள் புகுகிறது. புகுந்த கலமும் பிறகு அதே குமிழ்களை உண்டாக்கத் தொடங்குகிறது. வைரசு இல்லை, ஆனால் கிட்டத்தட்ட வைரசு செய்யும் வேலை. வைரசுகள் இப்படியான ஒன்றிலிருந்து தோன்றியிருக்கலாமா என்ற கேள்வியை வைத்துப் பிள்ளைகளை நெடுநேரம் வாதாட விட்டார், குறுக்கே பேசவில்லை. இதுக்கே காசு கொடுக்கலாம். அல்காக்களைத் தாக்கும் வைரசையே பிடித்து வாழும் வைரசு 2011இல் அந்தாட்டிக்காவின் ஓர்கானிக் லேக்கில் தெரியவந்த கதையை மட்டும் ஏனோ ஓடி ஓடி முடித்துவிட்டார்.

சரி, குறைகள். படங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தோடு, அதுவும் பொடி எழுத்தில், பின்வாங்கிலிருந்து ஒன்றும் தெரியாது. கொடுத்த போட்டோகொப்பி பாதி அழிந்திருந்தது. அதைவிடப் பெரிய குறை, "வைரசு குளிருக்கேற்ப மாறிக்கொண்டது" என்று சேர் பல தடவை சொன்னது. வைரசு தீர்மானித்து மாறுவதில்லை. பிரதி எடுக்கும்போது தற்செயலாகப் பிழைகள் வருகின்றன, சிலவேளை விருந்துவழங்கியின் பரம்பரையலகும் கூட ஒட்டிக்கொள்கிறது, அந்தக் குளிரிலும் உப்பிலும் பெருக முடிந்தவை மிஞ்சுகின்றன. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் இதை ஒரு தடவையாவது உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோது கோபிக்காமல் அடுத்த கிழமை திருத்திச் சொல்கிறேன் என்றார், அப்படியே செய்தார் என்று மகள் சொன்னாள்.

உயிரியல் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் ஏற்றது. புள்ளி கூட வேண்டும் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சரிவராது. வேளைக்கே போய் முன்வாங்கு பிடியுங்கள்.