லிசார்டைட், ஆன்டிகோரைட், கிரைசோடைல்: ஒரே சரக்கு, மூன்று வளைவு

செர்பென்டைன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பாம்புத்தோல் மாதிரி பச்சையும் கருப்பும் கலந்து வரி ஓடும் ஒரு கல். விவரம் கொஞ்சம் தெரிந்தவர்கள் "அது ஆஸ்பெஸ்டாஸ் ஆச்சே" என்று ஒதுங்கிவிடுவார்கள். இரண்டுமே பாதி உண்மைதான், ஏனென்றால் அந்தப் பெயருக்குள் முக்கியமாக மூன்று கனிமங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஏறக்குறைய அதே மக்னீசியம், அதே சிலிக்கா, அதே நீர். வித்தியாசம் வளைவில் இருக்கிறது.

இந்தக் கனிமங்களின் ஒவ்வொரு அடுக்கும் இரண்டு தகடுகள் ஒட்டியது. சிலிக்கா தகடு அளவில் சற்றுச் சின்னது, மக்னீசியத் தகடு சற்றுப் பெரியது. இப்படிப் பொருந்தாத அடுக்கு வளையத்தான் பார்க்கும் என்று லைனஸ் பாலிங் 1930-லேயே சொல்லிவிட்டார். அந்த இழுபறியை மூன்றும் மூன்று விதமாகச் சமாளிக்கின்றன.

லிசார்டைட் தட்டையாகவே இருந்துவிடுகிறது. கொஞ்சம் அலுமினியம் உள்ளே நுழைந்து, இரண்டு தகடுகளின் அளவையும் ஓரளவு சரிக்கட்டிவிடும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லிசார்ட் தீபகற்பம்தான் இதற்குப் பெயர் தந்தது. மூன்றில் அதிகமாகக் கிடைப்பது இதுதான். மென்மையானது, கத்தி பட்டாலே கீறல் விழும்.

ஆன்டிகோரைட் அலை அலையாகப் போகும். கொஞ்ச தூரம் ஒரு பக்கம் வளைந்து, சிலிக்கா தகடு அப்படியே தலைகீழாகத் திரும்பி, அப்புறம் மறுபக்கம் வளைகிறது. பாம்பு ஊர்ந்த தடத்தை அணு அளவில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். என் ஓட்டு இதற்கே. மற்ற இரண்டும் சிதைந்துபோகும் வெப்பத்தில் இது தாங்கி நிற்கும், சரியான அழுத்தம் இருந்தால் 600 டிகிரிக்கு மேலும்கூட. கடல்தளத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புதையும்போது, தன் எடையில் சுமார் 12 சதவீதம் நீரை இது பூமிக்குள் ஆழமாகச் சுமந்து போகிறது. கடைசியில் சூடு தாங்காமல் உடையும்போது வெளிவரும் நீர் மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்க, அங்கே உருகுவதுதான் எரிமலைகளுக்குத் தீனி. செதுக்கவும் நல்ல கல். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தங்கிவாய் என்று போற்றும், வெளிச்சம் ஊடுருவும் பச்சைக்கல் இந்த வகைதான்.

கிரைசோடைல் பாய் மாதிரி சுருண்டுவிடும். ஒவ்வொரு சுருளும் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள குழாய். அதனால்தான் நாராகப் பிரிகிறது, துணியாக நெய்யலாம், தீப்பிடிக்காது. உலகம் பயன்படுத்திய ஆஸ்பெஸ்டாஸில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இதுதான், நம் ஊர்க் கூரைகளில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உட்பட. கிரைசோடைலுக்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் என்றும் பெயர். "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பரவாயில்லை, மற்றதுதான் மோசம்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கனடா 2018-லும் அமெரிக்கா 2024-லும் தடை போட்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க ஊர் 2020-ல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. பழைய ஷீட்டை உடைப்பது, உலர்ந்த நிலையில் துளை போடுவது, தூளைத் துடைப்பத்தால் பெருக்குவது எதுவும் வேண்டாம்.

சரி, இதற்காக மற்ற இரண்டையும் சேர்த்துத் தண்டிக்கலாமா? கலிபோர்னியா 1965-ல் செர்பென்டைனை மாநிலப் பாறையாக அறிவித்தது. 2010-ல் ஆஸ்பெஸ்டாஸைக் காரணம் காட்டி அதை நீக்க ஒரு மசோதா வந்தது, புவியியலாளர்கள் எதிர்த்தார்கள், அது நிறைவேறவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: இயற்கையில் இவை பெரும்பாலும் கலந்தே கிடைக்கும், லிசார்டைட் பாறைக்கு நடுவே கிரைசோடைல் நரம்பு ஓடுவது சாதாரணம். பட்டுப்போல் பளபளக்கும், நகத்தால் நெருடினால் நாராக உரியும் நரம்பு தெரிந்தால் அந்தத் துண்டைச் செதுக்க எடுக்காதீர்கள். லிசார்டைட்டா ஆன்டிகோரைட்டா என்பதைக் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு எக்ஸ்ரே அல்லது ராமன் சோதனை வேண்டும். மெருகேற்றிய நகையோ சிலையோ வாங்கி வைக்கப் பயம் வேண்டாம். வீட்டில் அறுக்க, தேய்க்கப் போகிறவர்கள் மட்டும் எந்த வகையானாலும் தண்ணீர் விட்டே செய்யுங்கள், நுண்துகளைத் தடுக்கும் நல்ல முகக்கவசமும் போடுங்கள்.