நல்லூரில் ஓர் அறிவு முகாமைத்துவப் பயிற்சி

நிறுவனத்தின் பணிகளையும் கணினி அமைப்புகளையும் ஒருங்கே திட்டமிடும் நிறுவனக் கட்டமைப்பாளர்களுக்கான அறிவு முகாமைத்துவப் பயிற்சி என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஐயத்தோடுதான் நல்லூருக்குப் போனேன். முற்பகல் வீண். ஜப்பானிய முகாமைத்துவ அறிஞர்களான நோனக்காவும் தக்கேயூச்சியும் 1995இல் விரித்துச் சொன்ன, மனத்திலிருக்கும் அறிவை எழுத்தாக்கும் சுழற்சியைத் திரையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பிற்பகல் கொடுத்த காசுக்குப் பெறுமதி. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முடிவுப் பதிவை, அதாவது ஒரு கட்டமைப்பு முடிவை ஏன் எடுத்தோம் என்ற சிறு குறிப்பை, எங்கள் கையாலேயே எழுத வைத்தார் பயிற்றுநர். அதன் பகுதிகள் சூழல், முடிவு, நிலை, விளைவுகள். ஓரிரு பக்கத்துக்கு மேல் கூடாது. முடிவு மாறினாலும் பழைய பதிவை அழிக்கக் கூடாது. மாற்றப்பட்டது என்று குறித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எங்கள் அலுவலகச் சம்பள மென்பொருளை ஏன் இரண்டு சேவையகங்களில் பிரித்து வைத்தோம் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்; அவரும் கனடா விசாவுக்குக் காத்திருக்கிறார். அவரை இருத்தி எழுதுவிக்க இந்தப் படிவம் போதும்.

நிறுவனக் கட்டமைப்புக்கான வழிகாட்டிச் சட்டகமான டோகாஃப் (TOGAF) சொல்லும் கட்டமைப்புக் களஞ்சியத்தை, அதாவது இத்தகைய ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் இடத்தை, அவசரமாக ஓட்டிவிட்டார்கள். பதிவுகளை யார் பராமரிப்பது என்று கேட்டேன். பதிலுக்குத் தேநீர் இடைவேளைதான் வந்தது. (இஞ்சித் தேநீர், குறை சொல்ல முடியாது.) இளநிலை ஊழியர்களை அனுப்பிப் பயனில்லை, முடிவெடுப்பவர்களே போகட்டும். மண்டபத்தில் குளிரூட்டி இல்லை. யன்னலோரக் கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.